ஆமாம், இல்லை, சம்பந்தமில்லை

இப்போதும் யாராவது மேசையை விரலால் தட்டினால் நான் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு யோசிக்கும்போது பேனாவால் தட்டும் பழக்கம் உண்டு. நான்கு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டு விதிப்படி மூன்றுக்கு மேல் எதற்கும் அர்த்தம் கிடையாது. இதை அவரிடம் விளக்க முடியாது என்பதால் இடம் மாற்றித் தரக் கேட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டேன். வெளிச்சத்துக்காக என்று சொல்லியிருக்கிறேன்.

மலேசியாவில், மலாக்கா பக்கம் ஜாசினில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்துப் பார்ப்பது என் வேலை. மோட்டார் சைக்கிள் காட்டுப்பன்றி மீது மோதியது. லாரியிலிருந்து செம்பனைக் குலை விழுந்து பின்னால் வந்த காரின் கண்ணாடி உடைந்தது. கல்யாணப் பந்தல் காற்றில் பறந்துபோய் அடுத்த தெருவில் நின்ற காரை மூடியது. இப்படிப் பல வருடங்கள் படித்தவனிடம் வந்து, "அதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது" என்று யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். கோப்பு இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். மலாக்கா நகரில் கல்லூரியில் படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். வாரக் கடைசியில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். ஏறியதும் ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இடையில் நான் அழைத்து, ஓட்டுநர் எப்படி ஓட்டுகிறார் என்று கேட்பேன்.

"உக்காந்துதான் ஓட்டுறாருப்பா" என்பாள்.

போன வருடம் அலுவலகத்தில் எனக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனையில் மார்பில் கம்பிகளை ஒட்டி, ரத்தம் எடுத்து, ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் ஓர் இளம் டாக்டர் வந்து, என் இதயம் என் வயதுக்கு மிகவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அவர் குரலில் லேசான பொறாமைகூட இருந்தது. அளவுக்கு மீறிய பதற்றம்தான் காரணம், மனத்தை வேறு எதிலாவது செலுத்துங்கள் என்றார்.

"இத நானே சொல்லியிருப்பேன். ஊசி கூட குத்தாம" என்றாள் என் மனைவி.

மகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் நிற்பது அரிது. பசியாக இருக்கும் என்று நினைத்து கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னேன்.

அடுத்த வாரம் வரும்போது அவள் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தாள். ஞாயிறு மாலை அவளைக் காரில் விடுதிக்குக் கொண்டுபோய் விடும் வழியில் விதிகளைச் சொன்னாள். ஒருவர் ஒரு விசித்திரமான நிலைமையைச் சொல்வார். அது ஏன் அப்படி ஆனது என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் மூன்றுதான்: ஆமாம், இல்லை, சம்பந்தமில்லை. புதிர் போட்டவர் மறைக்கலாம். பொய் மட்டும் சொல்லக்கூடாது.

"நேரா யோசிச்சா வராதுப்பா. பக்கவாட்டுல யோசிக்கணும்."

அதுவரை நான் பக்கவாட்டில் மோதிய வாகனங்களைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன்.

முதல் புதிர் இது.

"ஒரு ஆளு ஒரு வீட்டுக்குள்ள போறாரு. வீடு நெறைய ஆளுங்க. எல்லாருக்கும் அவரத் தெரியும். ஒருத்தர் கூட வாங்கன்னு கூப்புடல. அவரும் உக்காந்து வரக்காப்பி குடிக்கிறாரு. போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லாம எந்திரிச்சுப் போயிடுறாரு. யாருக்கும் கோவமில்ல. ஏன்?"

"திருடனா?"

"இல்ல."

"அந்த வீட்டோட சண்டையா?"

"இல்ல."

"அவருக்குப் பேச வராதா?"

"வரும். அதாவது, இல்ல."

"பேயா?"

"அப்பா!"

"கேள்விக்குப் பதில் சொல்லு."

"இல்ல. பேய் இல்ல."

பின்னிருக்கையில் முறுக்கு தின்றுகொண்டிருந்த என் மனைவி, "எழவு வீடு" என்றாள். அவள் விளையாட்டிலேயே இல்லை.

இழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று வரவேற்பதில்லை. போய்வருகிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்வதும் இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் அப்படித்தான் இழவு வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். பேய் வரைக்கும் போன எனக்கு அது தோன்றவில்லை.

சில வாரங்களில் தேறிவிட்டேன். தேறியது புதிரில் அல்ல, அவள் குரலில். கேள்வி சரியான திசையில் போனால் அவளுடைய "இல்ல" கொஞ்சம் இழுத்து வரும். விண்ணப்பதாரர்களிடம் தொலைபேசியில் பேசிப் பேசி எனக்குக் காது பழகியிருந்தது. ஒரு நாள் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏமாத்துறீங்க நீங்க! இனிமே வாயே தொறக்க மாட்டேன். தட்டுதான்."

அன்றிலிருந்து விரலை மடக்கிக் காரின் முன்பலகையில் தட்டத் தொடங்கினாள். ஒரு தட்டு ஆமாம். இரண்டு இல்லை. மூன்று சம்பந்தமில்லை. தட்டில் இழுவை கிடையாது. நான் பழைய நிலைக்கே திரும்பினேன்.

நானும் புதிர் போடுவேன். என் புதிர்களில் யாராவது ஒருவர் செத்துப்போவார். "ஒரு புதிர்லயாச்சும் ஆள உயிரோட வுடுங்கப்பா" என்று அவள் கெஞ்சினாள். முயன்று பார்த்தேன். மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சந்திப்புக்கு வருகிறார், சிவப்பு விளக்கு, நிற்கிறார். "சரி, அப்புறம்?" என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பின்னால் லாரி வந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் மனைவியின் தங்கை நியாலாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறாள். அங்கே உள்ள மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் குடும்பத்தோடு போவோம். சில வருடங்களுக்கு முன் அங்கே ஓர் இளைஞர் அலகு குத்திக்கொள்வதை மிக அருகில் நின்று பார்த்தேன். கண்விழித்தபோது ஒரு லாரியின் பின்பலகையில் கிடந்தேன். உச்சந்தலையில் எலுமிச்சைச் சாறு வழிந்துகொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் ஓர் அறிவிப்புச் செய்தேன்: நம் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் இதைச் செய்யக்கூடாது. தொற்று வரும், நரம்பு அறுபடும், டெட்டனஸ் வரும்.

"அப்பா, மயங்குனது நீங்க. குத்திக்கிட்டவரு நல்லாத்தான் நடந்து போறாரு" என்றாள் மகள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு நாங்கள் அந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை.

இந்த வருடம் திருவிழா நெருங்கிய மாதத்தில் மகளின் நடவடிக்கைகள் மாறின. நான் எல்லாவற்றையும் கவனித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியைத் தொடவில்லை. கேட்டால் "டயட்பா" என்றாள். கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். கேட்டால் மெத்தையில் முதுகு வலிக்கிறது என்றாள். செலண்டாரில் என் பெரியப்பா தவறிப்போனபோது இழவுக்கு வரவில்லை. கேட்டால் அசைன்மென்ட் என்றாள்.

கறி கிடையாது, கட்டில் கிடையாது, இழவு வீடு கிடையாது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ஆறு வயதுப் பிள்ளை விடை சொல்லிவிடும். நான் பக்கவாட்டில் யோசித்தேன். ஏதோ ஒரு ரகசியக் குழுவில் சேர்ந்துவிட்டாள் என்ற முடிவுக்கு வந்தேன். இல்லாவிட்டால் ரத்தத்தில் ஏதோ நோய்.

"ஒருவேள அவளுக்குக் கோழி அலுத்துப்போயிருக்கலாம்" என்றாள் மனைவி. அதை ஒரு காரணமாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வரவில்லை. கல்லூரியில் நிகழ்ச்சி இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தாள். நான் வெள்ளிக்கிழமை யோசித்ததும் அதைத்தான், சனிக்கிழமை யோசித்ததும் அதைத்தான். ஞாயிறு காலை பசியாறிவிட்டு அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தேன். பிறகு அவளுடன் அறையில் தங்கியிருக்கும் மலாய்ப் பெண்ணை அழைத்தேன். தூக்கக் கலக்கத்தில் பேசினாள். மகள் இருட்டோடு கிளம்பிப்போய்விட்டாள், யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று மலாயில் சொன்னாள். எதில் என்று கேட்டேன்.

"வேன் பூத்தே, அங்கிள்."

வெள்ளை வேன். இந்த நாட்டில் பிள்ளை பெற்ற எவருக்கும் வெள்ளை வேன் என்றால் என்னவென்று தெரியும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேறு நிறத்தில் வந்ததாக எந்த வாட்ஸ்அப் செய்தியும் எனக்கு வந்ததில்லை.

நியாலாஸில் இருக்கும் மனைவியின் தங்கையை அழைத்து, அங்கே வந்தாளா என்று கேட்க நினைத்தேன். அவளும் எடுக்கவில்லை. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அப்போது மகளின் எண்ணிலிருந்து செய்தி வந்தது: "நல்லா இருக்கேன்பா. இப்ப பேச முடியாது. சாயங்காலம் கூப்புடுறேன்."

மனைவி அடுப்படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தியைக் காட்டினேன்.

"அதான் நல்லா இருக்கேன்னு போட்டிருக்காளே."

"கடத்துனவன் வேற எப்படிப் போடுவான்? நல்லா இல்லன்னா போடுவான்?"

"அவன் சாயங்காலம் கூப்புடுறேன்னு சொல்லுவானா?"

"உன் குரல் கேட்கணும்" என்று எழுதினேன். "முடியாதுப்பா" என்று வந்தது. ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. நான் கால்சட்டை மாட்டினேன். அடையாள அட்டையையும் அவளுடைய அண்மைய புகைப்படத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். அவளுடைய புகைப்படங்கள் தேதிவாரியாக என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். பிறகு எழுதினேன்: "உன் குரல் கேட்காவிட்டால் போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். கால்சட்டை போட்டாகிவிட்டது."

கைப்பேசி அடித்தது. அவள் எண். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அம்மாடி? பேசும்மா. அப்பாதான்."

மூச்சு மட்டும் கேட்டது. நிதானமாக, மூக்கு வழியாக விடும் மூச்சு. பிறகு கைப்பேசியின் முதுகில் விரல் படும் சத்தம். ஒரு தட்டு.

மனைவி கத்தியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீதானா?"

ஒரு தட்டு.

தட்டு யார் வேண்டுமானாலும் தட்டலாம். நான் உறுதி செய்துகொள்ள நினைத்தேன்.

"போன தடவ நான் போட்ட புதிர்ல செத்தது பஸ் டிரைவரா?"

இரண்டு தட்டு.

"தபால்காரரா?"

இரண்டு தட்டு.

"மீன்காரரா?"

ஒரு தட்டு.

"அவதான்" என்றேன்.

"வேற யாரு இந்தக் கண்றாவியெல்லாம் ஞாபகம் வச்சிருப்பா" என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலும் இறங்கியிருந்தது.

அதன்பிறகு நடந்ததை ஒரு விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை, அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது. அந்த விதியை அவள் ஒருபோதும் மீறியதில்லை.

"உன்னால பேச முடியுமா?"

இரண்டு.

"வாயக் கட்டியிருக்காங்களா?"

இரண்டு.

"வாய்க்குள்ள எதையாச்சும் வச்சிருக்காங்களா?"

கொஞ்சம் நேரமானது. ஒன்று.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "வலிக்குதா?"

ஒன்று. உடனே இரண்டு. முதலில் வலித்தது, இப்போது இல்லை என்று எடுத்துக்கொண்டேன். மரத்துப்போயிருக்கலாம் என்றும் எடுத்துக்கொண்டேன்.

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?"

ஒன்று.

"நெறைய பேரா?"

ஒன்று.

"அவங்க கையில ஆயுதம் இருக்கா?"

இந்தக் கேள்விக்குத்தான் மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, ஒன்று.

மனைவி கையிலிருந்த கத்தியை மேசைமேல் வைத்தாள்.

"கத்தியா?"

ஒன்று.

"அத விடப் பெருசா?"

ஒன்று.

"ரத்தம் வந்துச்சா?"

இரண்டு.

"உன்ன இழுத்துக்கிட்டுப் போனாங்களா?"

இரண்டு.

"நீயாவா போன?"

ஒன்று.

இது எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. ரகசியக் குழுதான். நானாக யோசித்தது சரியாகிவிட்டது என்பதில் எனக்கு எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை. "பையன் யாராச்சுமா?" என்று கேட்டேன். இரண்டு தட்டு, படபடவென்று. அன்று காலை வேகமாக வந்த ஒரே பதில் அதுதான்.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்தாள். "அம்மா பேசுறேன். சாப்புட்டியா?"

"கத்தியும் அரிவாளுமா சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க, நீ சாப்புட்டியான்னு கேக்குற!"

"நீங்க கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சில்ல? செத்த சும்மா இருங்க. சாப்புட்டியாம்மா?"

இரண்டு தட்டு.

"பசிக்குதா?"

இரண்டு.

"பாலாவது குடிச்சியா?"

ஒன்று.

மனைவி சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெரதமா?"

ஒன்று.

"சித்தி வீட்டுக் கோயிலா?"

ஒன்று.

"பால்குடமா எடுக்குற?"

ஒன்று. மனைவியின் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கைப்பேசிக்குக் கிட்டே குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"வாயில அலகா?"

ஒரு தட்டு, காதில் விழுந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்ல. மெல்லத் தட்டினால் நான் குறைவாகப் பயப்படுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

நாக்கில் சின்ன வேல் ஒன்றைக் குத்திக்கொள்வது அது. குத்தியபின் கோயிலில் போய் எடுக்கும்வரை பேசக்கூடாது, பேசவும் முடியாது. எல்லாப் பதில்களும் உண்மைதான். வாய்க்குள் ஒன்று இருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டவர்கள் அரிவாளோடும், மற்றவர்கள் ஆளுயரச் சூலத்தோடும் நின்றிருக்கிறார்கள். ஒரு பொய்கூட அவள் சொல்லவில்லை. விதிப்படி விளையாடித்தான் என்னை அந்தப் பாடு படுத்தியிருக்கிறாள்.

கோயிலில் இருக்கிறேன் என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன். "எழுதியிருந்தா உங்களோட அடுத்த கேள்வி என்னன்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள்.

அப்போது அடுப்படியில் என்னிடம் வேறு கேள்விகள் இருந்தன. கைப்பேசியை வாங்கினேன்.

"வேல் புதுசா?"

ஒன்று.

"சுடுதண்ணியில போட்டாங்களா?"

ஒன்று.

"நீ டெட்டனஸ் ஊசி போட்டுக்கிட்டியா?"

ஒன்று.

அந்தத் தட்டு வந்தபோதுதான் அன்று எனக்கு முதன்முதலாக மூச்சு முழுதாக உள்ளே போனது. நாக்கில் வேல் குத்திக்கொள்ளப் போகிறவள், அதற்கு முன்னால் கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். இதைவிட உறுதியான அடையாளச் சோதனை கிடையாது. என் மகளேதான்.

"எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு எப்படித் தட்டுவா?" என்றாள் மனைவி. அதற்குள் மறுமுனையில் வேன் கதவு திறக்கும் சத்தமும் அதன் பின்னால் உறுமியும் கேட்டது. தொடர்பு அறுந்தது.

செலண்டார் வழியாகப் போனோம். சாலையின் இருபக்கமும் செம்பனை. நான் ஓட்டினேன், மனைவி ஈரத்தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சம்பழப் பையை மடியில் வைத்திருந்தாள். நாக்கில் எத்தனை நரம்புகள் ஓடுகின்றன என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் ஓட்டிக்கொண்டே இருக்கும் நேரம் முழுக்க அதை யோசிக்க முடிந்தது. காயம் ஆறும்வரை எப்படிச் சாப்பிடுவாள், பேச்சு பழையபடி வருமா, வராவிட்டால் வாழ்நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பாளா.

"நீங்க வண்டியிலேயே இருங்க" என்றாள் மனைவி. "இன்னொரு ஆளத் தூக்கிக்கிட்டு நிக்க எனக்கு முடியாது."

"அவள நான் பாக்கணும்."

"பாருங்க. கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாருங்க."

கோயிலுக்குப் போகும் தோட்டச் சாலையின் முனையில் ஊர்வலம் கிளம்பியிருந்தது. அங்கே வேப்பமரத்தடியில் அந்த வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது. முன்பக்கம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். என் மைத்துனியின் வேன். அதற்குக் காப்புறுதி எடுத்துக் கொடுத்தவன் நான். வண்டியின் நிறம் என்ற இடத்தில் வெள்ளை என்று எழுதியதும் நான்தான்.

மைத்துனி வேனுக்குப் பின்னால் நின்றாள். எங்களைப் பார்த்ததும் இன்னும் பின்னால் போனாள்.

"நீ பேசியிருக்கலாம்ல?" என்றேன். "ஒரு வார்த்த. நல்லா இருக்கான்னு."

"நான் பேசுனா அக்கா என்னக் கொன்னுருமே மாமா! போனு வேற நிக்காம அடிக்குது. அவ கையில குடுத்துட்டு வேன் கதவச் சாத்திட்டு ஓடிட்டேன்."

"உன்ன அப்புறம் வச்சுக்கிறேன்டி" என்றாள் அக்கா.

நான் காரில் இருக்கவில்லை. ஊர்வலத்தின் ஓரமாகப் போய் மகளைத் தேடினேன். மஞ்சள் சேலையில் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி இருந்தார்கள். மூன்று பேரைத் தாண்டியபின்தான் அவள் நடையைக் கண்டுபிடித்தேன். தலையில் எவர்சில்வர் குடம், குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார்கள். ஒரு கையால் குடத்தைப் பிடித்திருந்தாள். வாயில் வெள்ளி வேல். என் சுண்டுவிரலைவிடச் சிறியது. ஜாசினிலிருந்து வழிநெடுக நான் மனத்தில் வைத்து ஓட்டிவந்தது ஒரு ஈட்டி.

பார்த்தேன். தலை சுற்றியது. கொஞ்ச நேரத்தில் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். கண்களை அகல விரித்தாள். நான் விழுந்தால் தாங்கிப்பிடிக்கக் கையில் குடம் இருக்கிறதே என்ற கவலை அந்தக் கண்களில் தெரிந்தது.

"அண்ணே, செருப்பு!" என்று பின்னால் யாரோ சத்தம் போட்டார். சாலையோரப் புல்லில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் நடக்கத் தொடங்கினேன். தார் சுட்டது. அவளுக்குச் சுடவில்லை போலிருந்தது.

"வலிக்குதா?"

குடத்தைப் பிடித்திருந்த கையில் ஒரு விரலை மடக்கிக் குடத்திலேயே தட்டினாள். இரண்டு. பால் நிறைந்த குடம் என்பதால் சத்தம் கனமாக, நறுக்கென்று கேட்டது. உறுமிக்கு நடுவிலும் கேட்டது.

அப்போதுதான், முழுப் புதிரும் இன்னும் அவிழவில்லை என்று எனக்கு உறைத்தது. என்ன, எங்கே, எதனால் பேசவில்லை என்பதெல்லாம் தெரிந்தாயிற்று. எதற்காக என்று நான் கேட்கவே இல்லை.

"படிப்புக்கா வேண்டிக்கிட்ட?"

இரண்டு.

"அம்மாவுக்கா?"

இரண்டு.

"எனக்கா?"

ஒன்று.

முன்னால் போன பெண்மணிக்கு அருள் வந்து ஊர்வலம் நின்றது. தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் கால்களிலும் ஊற்றினார்கள். மறுபடியும் நகர்ந்தது.

"என் நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னா?"

அதுதான் விடை என்று நினைத்தேன். அவள் இரண்டு தட்டினாள்.

யோசித்துப் பார்த்தேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது அவள் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தாள். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அடுத்து டாக்டர் சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கும். நான் அவளைக் கேன்டீனுக்கு அனுப்பினேன். அவள் வேறு எங்கோ ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

"நான் பயப்படாம இருக்கணும்னா?"

ஒன்று.

வியர்வை கண்ணில் இறங்கியது. கைக்குட்டையைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். மனைவி அந்தப் பக்கம் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மகளை விட்டுவிட்டு என்னையே கவனித்து நடந்துவந்தாள், விழுவேனா என்று.

"இன்னைக்குக் காலையில நான் எவ்வளவு பயந்தேன்னு உனக்குத் தெரியுமா?"

மகள் என் பக்கம் திரும்பவில்லை. குடம் ஆடக்கூடாது. விரலை மட்டும் மடக்கினாள்.

மூன்று தட்டு.

விதிப்படி அது சரியான பதில்தான். அடுத்து எதைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே அவளோடு நடந்தேன். கோயில் வரும்வரை எனக்கு வேறு கேள்வி எதுவும் கிடைக்கவில்லை.